செத்தவன் கேஸ் போட மாட்டான்

பத்தொன்பது வயதில் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் அறுபது ரூபாய் கொடுத்து ஒரு புத்தகம் வாங்கினேன். ஜெர்ரி ஹாப்கின்ஸும் டேனி ஷுகர்மேனும் எழுதி 1980இல் வெளிவந்த ‘நோ ஒன் ஹியர் கெட்ஸ் அவுட் அலைவ்’. டோர்ஸ் குழுவின் பாடகன் ஜிம் மாரிசனுடைய வாழ்க்கை வரலாறு. அட்டை பாதி கிழிந்திருந்தது. முதல் பக்கத்தில் யாரோ ஒருவர் யாரோ ஒருத்திக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதியிருந்தார். இரண்டே ராத்திரியில் படித்து முடித்தேன். முடித்த கையோடு நண்பர்களிடம் போய் “மாரிசன் சாகவே இல்லையோன்னு ஒரு டவுட் இருக்கு மச்சான், தெரியுமா உனக்கு?” என்று ஆரம்பித்தவன்தான், அடுத்த நான்கு வருடம் நிறுத்தவில்லை.

அந்தப் புத்தகத்தையும் அதன் வம்சத்தையும் திட்டப்போகிறேன் என்பதால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அது எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது.

மாரிசன் 1971 ஜூலை 3ஆம் தேதி பாரிஸில், தங்கியிருந்த வீட்டின் குளியல் தொட்டியில் இறந்துகிடந்தான். வயது 27. சந்தேகப்பட எதுவுமில்லை என்று அங்கே முடிவு செய்ததால் பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. இதயம் நின்றுபோனது என்று எழுதிக் கொடுத்தார்கள். பெர் லாஷேஸ் கல்லறையில் புதைத்தார்கள். உறுதியாகத் தெரிவது ஏறக்குறைய இவ்வளவுதான். நடக்காமல் போன அந்தப் பரிசோதனை என்கிற ஓட்டை வழியாகத்தான் அரை நூற்றாண்டாகப் புத்தகங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஹெராயின் என்கிறார் ஒருவர். கிளப்பில் செத்தவனை வீட்டுக்குத் தூக்கிவந்து தொட்டியில் போட்டார்கள் என்கிறார் இன்னொருவர். சாகவே இல்லை, எங்கோ உட்கார்ந்து கவிதை எழுதுகிறான் என்று மூன்றாமவர். ஒவ்வொன்றையும் படிக்கும்போது புல்லரிக்கும். புல்லரிப்பது சாட்சியம் ஆகாது என்று அந்த வயதில் யாரும் சொல்லித் தரவில்லை.

இறந்துபோன ராக் இசைக்கலைஞனைப் பற்றி எழுதுவது உலகத்திலேயே பாதுகாப்பான தொழில்களில் ஒன்று. இங்கிலாந்து, அமெரிக்கச் சட்டங்களில் அவதூறு வழக்குப் போடும் உரிமை ஆள் சாவதோடு முடிந்துவிடுகிறது. உயிரோடு இருக்கிறவனைப் பற்றி ஒரு வரி தப்பாக எழுதினால் பதிப்பாளரின் வக்கீல் ராத்திரி தூங்க மாட்டார். ஆள் போய்விட்டால் ஐநூறு பக்கம் எழுதலாம், நிம்மதியாகக் குறட்டை விடுவார். (நம்ம ஊரில் கொஞ்சம் வேறு மாதிரி. 2024 வரை அமலில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம் 499ஆம் பிரிவின் முதல் விளக்கமே, இறந்தவரைப் பற்றி அவர் குடும்பத்தாரின் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தோடு சொல்வதும் அவதூறாகலாம் என்றது. அந்தச் சட்டம் இங்கே என்னென்னவற்றுக்குப் பயன்பட்டது என்பது வேறு கதை. இதற்காகச் சட்டம் வேண்டும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை.)

ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் விஷயத்தைப் பாருங்கள். 1970 செப்டம்பர் 18, லண்டன். தூக்க மாத்திரைகள், வாந்தி, மூச்சடைப்பு. விசாரணை நடத்திய அதிகாரி, இன்ன காரணத்தால் நடந்தது என்று முடிவு சொல்லாமல் திறந்த தீர்ப்பாக விட்டுவிட்டார். 2009இல், முப்பத்தொன்பது வருடம் கழித்து, டாப்பி ரைட் என்பவர் ‘ராக் ரோடி’ என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். ஹெண்ட்ரிக்ஸின் மேனேஜர் மைக் ஜெஃப்ரி தன்னிடம் கொலையை ஒப்புக்கொண்டார், காரணம் இன்ஷூரன்ஸ் பணம் என்கிறார் அதில். எப்போது ஒப்புக்கொண்டாராம்? 1971இல். ஜெஃப்ரி எங்கே? 1973இல் பிரான்ஸ் வானத்தில் இரண்டு விமானங்கள் மோதியதில் இறந்துவிட்டார். கொலையானவனும் இல்லை, கொலைகாரன் எனப்பட்டவரும் இல்லை. நடுவில் ஒரே ஒரு சாட்சி, அவர் கையில் விற்க ஒரு புத்தகம். உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் முதல் பக்கத்தில் போட்டன. 2011இல், ஹெண்ட்ரிக்ஸின் நிர்வாகத்தில் வேலை பார்த்த பாப் லெவின், புத்தகம் விற்பதற்காக ரைட் இட்டுக்கட்டிய கதை அது என்று சொன்னார். அது எத்தனை பேருக்குத் தெரியும்? இன்றைக்கும் யூடியூபில் ‘ஹெண்ட்ரிக்ஸ் கொலை’ என்று தட்டிப் பாருங்கள். மறுப்பு மாட்டுவண்டியில் வரும், வதந்தி பிளைட்டில் போகும்.

இருந்தாலும் ரைட் மாதிரி ஆட்கள் மேல் எனக்குப் பெரிய கோபம் கிடையாது. டூர் வேனில் பெட்டி தூக்கியவர், வயதான காலத்தில் ஒரு கதை சொல்லிப் பார்த்தார். என் கோபமெல்லாம் ஆல்பர்ட் கோல்ட்மேன் மாதிரியான பேராசிரியர்கள் மேல்தான்.

கோல்ட்மேன் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுத்தவர். படித்தவர், எழுதத் தெரிந்தவர். 1981இல் எல்விஸ் பிரெஸ்லியைப் பற்றி ஒரு புத்தகம், 1988இல் ஜான் லெனனைப் பற்றி இன்னொன்று. இரண்டும் தலையணை சைஸ். லெனனுக்காக ஆயிரத்து இருநூறு பேரைப் பேட்டி கண்டதாகச் சொல்லிக்கொண்டார். இந்த எண்ணிக்கையைத்தான் நம்மாட்கள் பயபக்தியோடு பார்ப்பார்கள். “ஆயிரத்து இருநூறு பேரைப் பார்த்திருக்காருப்பா, சும்மாவா?” சும்மாதான். ஆயிரத்து இருநூறு பேர் சொன்னதில் எதை நம்பினீர்கள், எதை விட்டீர்கள், எவனுக்கு லெனன் மேல் பழைய பகை என்று சொல்லாதவரை அது வெறும் கூட்டம். புத்தகம் வந்த சில வாரங்களில் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை, கோல்ட்மேனுக்குப் பேசியவர்களையே திரும்பத் தேடிப்போய் ஒரு நீண்ட கட்டுரை போட்டது. நாங்கள் சொன்னது இதுவல்ல, திரித்திருக்கிறார் என்று அவர்களில் பலர் சொன்னார்கள். லெனனின் இளமைக்கால நண்பன் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் 1962இல் ஹாம்பர்கில் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தான். லெனன் எப்போதோ அவனை அடித்ததால் வந்த வினையாக இருக்கலாம் என்கிற மாதிரி கோல்ட்மேன் எழுதினார். ‘இருக்கலாம்.’ தமிழில் ஆறு எழுத்து. ஒரு செத்த மனிதனை இன்னொரு செத்த மனிதனின் சாவுக்குப் பொறுப்பாளியாக்க அது போதும். இரண்டு பேரும் எழுந்து வந்து இல்லை என்று சொல்ல முடியாது.

எல்விஸ் புத்தகத்தில் அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. தகவல் பிழைகளை விடுங்கள், அதன் தொனியைச் சொல்கிறேன். தெற்கத்திய ஏழை வெள்ளைக்காரக் குடும்பம், அவர்கள் சாப்பாடு, வீட்டுத் திரைச்சீலை, பேச்சு, பக்தி என்று எல்லாவற்றின் மேலும் ஓர் அருவருப்பு. எல்விஸின் உடம்பை அவர் வர்ணிக்கும் விதத்தைப் படித்தால் நமக்கே கூசும். கிரேல் மார்கஸ் அப்போதே இதைக் கண்டுபிடித்து எழுதினார். கோல்ட்மேன் ஒரு பாடகனை மட்டும் தாக்கவில்லை, அவனை உருவாக்கிய ஒரு முழுப் பண்பாட்டையும் குப்பை என்று நிறுவப் பார்க்கிறார் என்பதுதான் மார்கஸின் குற்றச்சாட்டு. நமக்கு இது புரியாத விஷயமா என்ன? கானா பாடுகிறவனைப் பற்றி எழுதச் சொன்னால், பாட்டை விட்டுவிட்டு அவன் குடிப்பதையும் அவன் தெருவின் நாற்றத்தையும் நாலு பக்கம் எழுதுகிற ஆட்களை நாம் பார்க்காததா?

கோல்ட்மேனுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் ஒன்று சொல்வார்கள். மற்றவர்கள் எல்லாம் பக்திப் பாடல் பாடிக்கொண்டிருந்தபோது, எல்விஸ் மாத்திரைகளில் மூழ்கிக் கிடந்ததை அவர்தானே பச்சையாகச் சொன்னார்? முதலில், அவர் சொல்வதற்கு முன்பே, 1977 ஆகஸ்டில் எல்விஸ் இறப்பதற்கு இரண்டு வாரம் முன்னால், அவருடைய பழைய மெய்க்காப்பாளர்கள் மூன்று பேர் அதை ஒரு புத்தகமாகவே போட்டுவிட்டார்கள். இரண்டாவது, மாத்திரையைப் பற்றிப் பேசாதே என்று யார் சொன்னது? பீட்டர் குரால்னிக் எழுதிய இரண்டு தொகுதிகளைப் படியுங்கள்: ‘லாஸ்ட் ட்ரெய்ன் டு மெம்ஃபிஸ்’ 1994, ‘கேர்லெஸ் லவ்’ 1999. அதிலும் அந்த மாத்திரை இருக்கிறது, அந்த வீங்கிய உடம்பு இருக்கிறது, ஆமாம்சாமிகளின் கூட்டம் இருக்கிறது. எதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்த மனிதன் ஏன் காலையில் எழுந்தான், எந்தப் பாட்டைப் பாடும்போது உயிரோடு இருந்தான் என்பதும் இருக்கிறது. இரண்டாவது தொகுதியின் கடைசி நூறு பக்கத்தை நான் விட்டு விட்டுத்தான் படித்தேன், அவ்வளவு பாரம். கோல்ட்மேனைப் படித்தபோது சிரிப்பு வந்தது. இந்த வித்தியாசம் எனக்கு முக்கியம்.

இப்போது நம் இலக்கிய நண்பர்களுக்கு வருகிறேன். இந்தப் பேச்சை எடுத்தாலே ஒரு பதில் தயாராக இருக்கும். “ராக்னா மித்துதான் தோழர். ஃபேக்ட் செக் பண்ண அது என்ன பேங்க் பாஸ்புக்கா? அவங்களே அவங்களைப் பத்திக் கட்டுக்கதை சொன்னவங்கதானே?” பாதி சரி. மாரிசன் தன் பெற்றோர் இறந்துவிட்டதாக ரெக்கார்டு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தான். அப்பா உயிரோடு மட்டுமல்ல, அமெரிக்கக் கடற்படையில் பெரிய அதிகாரியாகவும் இருந்தார். 1964இல் டோங்கின் வளைகுடாச் சம்பவத்தின்போது அங்கிருந்த கப்பல்களுக்குத் தலைமை தாங்கியவர் அவர். வியட்நாம் போரை எந்தத் தலைமுறை எதிர்த்ததோ அந்தத் தலைமுறையின் பாடகன், அந்தப் போரின் வாசலில் நின்ற அதிகாரியின் மகன். அவன் ஏன் அப்பாவைச் சாகடித்தான் என்று யோசித்துப் பாருங்கள். எவ்வளவு பெரிய கதை அது! அந்தப் பொய்யைப் பொய் என்று தெரிந்துகொண்டால்தான் இந்தக் கதையே கிடைக்கும். பிற்காலத்தில் அந்த அப்பாதான் மகனின் கல்லறையில் கிரேக்க மொழியில் ஒரு வரி பொறித்த தகட்டை வைத்தார்.

கலைஞன் தன்னைப் பற்றிப் பொய் சொல்லலாம். அது அவன் இஷ்டம், பல நேரம் அது அவன் வேலையின் ஒரு பகுதி. வரலாறு எழுத வந்தவருக்கு அந்த இஷ்டம் கிடையாது.

கர்ட் கோபேன் கதையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். (கர்ட்டை ‘அவர்’ என்று எழுத எனக்கு வரவில்லை, மன்னியுங்கள்.) வீட்டைவிட்டு வெளியேறிய பையன், அபர்டீன் ஊரில் விஷ்கா ஆற்றுப் பாலத்துக்கு அடியில் மாதக்கணக்கில் வாழ்ந்தான் என்று சொல்வார்கள் இல்லையா? அதை அவனேதான் சொன்னான். மைக்கேல் அஸெராட் 1993இல் எழுதிய புத்தகம் அதை உலகத்துக்குக் கொண்டுபோனது. ‘நெவர்மைண்ட்’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அந்தப் பாலம்தான் என்று எல்லோரும் நம்பினோம். நிர்வாணாவில் பேஸ் கிதார் வாசித்த கிறிஸ்ட் நோவோசெலிக் அதே ஊர்க்காரர். அந்தக் கரையெல்லாம் சேறு, கடல் ஏறி இறங்கும் ஆறு அது, அங்கே யாரும் குடியிருக்க முடியாது, அவன் சும்மா போய் உட்கார்ந்திருப்பான் என்றார். 2001இல் வந்த ‘ஹெவியர் தேன் ஹெவன்’ புத்தகத்துக்காக நானூறு பேருக்கு மேல் பேட்டி கண்ட சார்லஸ் கிராஸ், அந்த நாட்களில் கர்ட் உண்மையில் எங்கே படுத்தான் என்று தேடினார். நண்பன் வீட்டு வராந்தாவில் ஓர் அட்டைப் பெட்டிக்குள். அபார்ட்மெண்ட் நடைபாதைகளில். பிறகு, ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் காத்திருக்கும் கூடத்தில். அவன் பிறந்ததும் அதே ஆஸ்பத்திரியில்தான்.

இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பதினேழு பதினெட்டு வயதுப் பையன், போக இடமில்லாமல், யாருக்கோ சொந்தக்காரன் மாதிரி பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே, தான் பிறந்த கட்டடத்தில் படுத்துத் தூங்குகிறான். இதற்கு முன்னால் அந்தப் பாலம் என்ன? சினிமா செட். ஜி.ஹெச்சில் நோயாளிக்குத் துணையாக ஒரு ராத்திரியாவது நாற்காலியில் தூங்கியவர்களுக்கு அந்த டியூப்லைட் வெளிச்சம் தெரியும். கட்டுக்கதை அழகு, உண்மை வறட்சி என்று பேசுகிற தோழர்கள் எனக்கு இந்த ஓர் இடத்தை மட்டும் விளக்கட்டும்.

இதே கிராஸ் கடைசியில் என்ன செய்தார் தெரியுமா? 1994 ஏப்ரலில் கர்ட் தன் உயிரை மாய்த்துக்கொண்ட அந்தக் கடைசி மணி நேரங்களை, யாரும் கூட இல்லாத அந்த நேரத்தை, நாவல் மாதிரி எழுதினார். எப்படி நடந்தான், என்ன நினைத்தான் என்று. போலீஸ் அறிக்கையை வைத்து ஊகித்ததாம். நானூறு பேரைக் கேட்டு ஒரு பாலத்தை இடித்தவர், ஒருவரையும் கேட்க முடியாத இடத்தில் ஒரு கோயிலைக் கட்டிவிட்டார். அந்த அத்தியாயம் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது, அதுதான் என் புகார். பதினாறு வயதில் மனசு சரியில்லாமல் இருக்கும் ஒரு பிள்ளை அதைப் படிக்கும். அந்த முடிவு பின்னணி இசையோடு, நிதானமாக, அர்த்தத்தோடு நடந்ததாக அதற்குத் தோன்றும். அது அப்படி நடந்தது என்று யாருக்குத் தெரியும்?

ஆவணப்படங்களும் யோக்கியமில்லை. 2015இல் வந்த ‘மான்டேஜ் ஆஃப் ஹெக்’ குடும்பத்தின் ஒத்துழைப்போடு எடுத்தது. கர்ட்டை இளவயதிலிருந்து அறிந்த பஸ் ஆஸ்போர்ன், அதில் தொண்ணூறு சதம் குப்பை என்று எழுதினார். கர்ட் தன் குரலில் சொல்லும் ஒரு கதையை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொண்டார்கள், அவன் கதைவிடுவதில் மன்னன் என்று தெரியாதா என்பது அவர் வாதம். குடும்பம் ஒப்புக்கொண்டது என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. ‘போஹீமியன் ராப்சடி’ நம் ஊர் மல்டிபிளெக்ஸில் எல்லோரும் விசிலடித்துப் பார்த்த படம். நானும் அடித்தேன். குயின் குழுவின் மிச்சம் இருப்பவர்களே கூட நின்று எடுத்த படம் அது. அதில் ஃப்ரெடி மெர்க்குரி தனக்கு எய்ட்ஸ் நோய் என்று தெரிந்த பிறகு 1985 லைவ் எய்ட் மேடைக்குப் போகிறார். ஆனால் அவருக்கு அது தெரியவந்தது 1987 வாக்கில் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். குழுவும் அதற்கு முன் உடைந்துபோகவில்லை, அந்த வருடமே டூர் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் ஆரோக்கியமாக, சந்தோஷமாக, தன் தொழிலின் உச்சத்தில் நின்று பாடிய இருபது நிமிடத்தைப் பிடுங்கி, அதைச் சாவுக்கு முன்னுரையாக மாற்றிவிட்டார்கள். சாகப்போகிறவன் பாடினால்தான் நமக்குக் கண்ணீர் வருமா?

சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். தி ஹூ குழுவின் டிரம்மர் கீத் மூன், 1967இல் தன் பிறந்தநாளன்று மிச்சிகன் மாநிலம் ஃப்ளிண்டில் ஹாலிடே இன் நீச்சல் குளத்துக்குள் காரை ஓட்டிவிட்டான் என்பது ராக் உலகத்தின் ராமாயணம். மூனே பேட்டியில் சொன்ன கதை. டோனி ஃப்ளெட்சர் 1998இல் எழுதிய ‘டியர் பாய்’ புத்தகத்துக்காக அன்று அங்கே இருந்தவர்களை விசாரித்துப் பார்த்தார். கேக்கை எறிந்து அடித்துக்கொண்டது உண்மை. மூனின் முன்பல் உடைந்தது உண்மை. குளத்தில் கார் இல்லை. கார் போனதால் மூன் சின்னவனாகிவிட்டானா? இல்லை. 1978இல் அவன் இறந்தது குடியை விடுவதற்காக டாக்டர் கொடுத்த மாத்திரையால் என்பதை அந்தப் புத்தகத்தில் படிக்கும்போது, எல்லோரையும் சிரிக்கவைக்க அந்தக் காரைச் சுமந்துகொண்டே திரிந்த ஒருவன் தெரிகிறான். அஸெராடும் 2023இல் தன் பழைய புத்தகத்தைத் திரும்ப எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் குறிப்பு எழுதி, இங்கே கர்ட் சொன்னதை நம்பிவிட்டேன், இங்கே கேட்டிருக்க வேண்டும் என்று தன்னோடு தானே சண்டை போட்டு வெளியிட்டார். முப்பது வருடம் கழித்து. நம் ஊரில் ஒரு ஃபேஸ்புக் பதிவைத் திருத்தவே நமக்குக் கை வருவதில்லை.

எனக்கு வரவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியில் எங்கள் பேண்டில் கிதார் வாசித்த நண்பன் ஒருவன் பைக் விபத்தில் போய்விட்டான். அன்று ராத்திரியே நான் ஒரு நீண்ட அஞ்சலி எழுதினேன். நன்றாக எழுதினேன், நூற்றுக்கணக்கில் ஷேர் ஆனது. அதில் அவன் கடைசி மாதங்களில் ஓர் இருட்டுக்குள் இருந்தான் என்று எழுதினேன். பின்னிரவில் எங்கே போகிறோம் என்று தெரியாமல் வண்டி ஓட்டுவான் என்று எழுதினேன். கடைசி வரியில் அவனும் அந்த 27 பேர் வரிசையில் போய் நின்றுகொண்டான் என்று எழுதினேன். ஹெண்ட்ரிக்ஸ், ஜானிஸ், மாரிசன், கர்ட், ஏமி. அந்த ‘27 கிளப்’பே வெறும் கதை என்று 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. பிரிட்டனில் ஆல்பம் முதலிடம் பிடித்த 1,046 இசைக்கலைஞர்களை எடுத்துப் பார்த்தார்கள், 27இல் தனியாக எந்த ஆபத்தும் தெரியவில்லை. இருபதுகளிலும் முப்பதுகளிலும் பொதுவாகவே அதிகம் சாகிறார்கள், அவ்வளவுதான். அஞ்சலி எழுதும்போதே எனக்கு அந்த ஆய்வு தெரியும்.

பதினைந்து நாள் கழித்து அவனுடைய அக்கா போன் செய்தார்.

“தம்பி, நீ எழுதினதை ஆபீஸ்ல ஒருத்தங்க காமிச்சாங்க.”

“சொல்லுங்கக்கா.”

“அவனுக்கு இருபத்தாறுதான்பா. ஆவணில்லதான் இருபத்தேழு வந்திருக்கும்.”

நான் ஒன்றும் பேசவில்லை.

“அப்புறம்... அவன் ஏதாவது கஷ்டத்துல இருந்தானா? உன்கிட்ட ஏதாவது சொன்னானா? அம்மா அதையே கேட்டுட்டு இருக்காங்க. எங்ககிட்ட எதுவும் காட்டிக்கலையே. அன்னிக்கு ராத்திரி கூட பரோட்டா வாங்கிட்டு வரேன்னுதான் போனான். சால்னா தனியா கட்டச் சொல்லுடான்னு நான்தான் சொன்னேன்.”

அவன் என்னிடம் எதுவும் சொன்னதில்லை. கடைசியாக அவனோடு பேசியது, என் ஆம்ப்ளிஃபையரை எப்போது திருப்பித் தருவான் என்று கேட்டு. பாரே கார்டு சரியாகப் பிடிக்க வராது அவனுக்கு, அதை மறைக்க எல்லாப் பாட்டிலும் கேப்போ போட்டுக்கொள்வான். அந்த அஞ்சலியில் இது எதுவும் இல்லை. அக்காவிடம் “இல்லக்கா, அவன் நல்லாத்தான் இருந்தான், நான்தான் சும்மா எழுதிட்டேன்” என்று சொல்ல எனக்கு நான்கு நாள் பிடித்தது. நேரில் போய்த்தான் சொன்னேன். அம்மா உள்ளே இருந்தார், வெளியே வரவில்லை. அக்கா டீ போட்டுக் கொடுத்துவிட்டு, வயதை மட்டுமாவது மாத்திடு தம்பி என்றார். அன்றே மாற்றினேன். ஷேர் செய்தவர்களில் பலர் பதிவை அப்படியே காப்பி எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள். அங்கேயெல்லாம் இன்னும் 27 என்றுதான் இருக்கிறது.